அக்கா வீட்டுக்கு என்று சொன்னவள்

2024 செப்டம்பர் 22, ஞாயிறு. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். இரவு மழை இல்லை. சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் கிடந்த துணிகளை உள்ளே இழுத்து மடித்து வைத்தேன். ஆறேகாலுக்கு நொய்க்கஞ்சி வைத்தேன். என் வீட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து அன்றோடு பதினேழு நாள். காலையில் அவளுக்குக் கஞ்சிதான் இறங்கியது. ஆறு ஐம்பதுக்குத் தேக்கா சந்தைக்குப் போனேன். பால்சுறா, பூண்டு, கறிவேப்பிலை. ஏழரைக்குத் திரும்பினேன். எட்டு மணிக்கு அவளுக்கு மாத்திரை கொடுத்தேன். ஒன்பது வரை செய்தித்தாள் படித்தேன். பிறகு மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்தேன்.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. முப்பத்தைந்து வருடமாக எழுதி வருகிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எழுந்த நேரம், வானிலை, வந்தவர்கள், பேசியவர்கள், முடித்த வேலை என்று தலைப்புகள் போட்டு எழுதுவேன். அலுவலகத்திலும் என் வேலை ஏறக்குறைய இதுதான். கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் ஆவணங்களைச் சரிபார்க்கிறேன். பெறுபவர் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சரக்குப் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். நான் பார்த்துக் கையெழுத்திட்ட காகிதம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் மேலாளர் சொல்வார். எனக்கு அதில் பெருமை இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

அன்று மாலை நான்கு மணிக்கு என்னைத் தேடி ஒருவர் வந்தார். அவர் ஏன் வந்தார் என்று சொல்ல நான் சில வாரங்கள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அறையில் இருக்கும் பெண்ணுக்கு முப்பத்தொரு வயது. புதுக்கோட்டைப் பக்கம். ஜூரோங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. வேலைக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஜூரோங்கிலேயே அறை பார்க்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "அங்க எறங்கினா வேலை ஞாபகம்தான்க்கா வரும். இங்க எறங்கினா மல்லிப்பூ வாசம் வருது" என்றாள். என்னிடம் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. முதல் நாளிலிருந்தே நான் அவளுக்கு அக்கா.

குடிவந்த அன்றே அவளுடைய வேலை அனுமதி அட்டையையும் கடப்பிதழையும், அதாவது பாஸ்போர்ட்டையும், வாங்கி, இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, நகலெடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர்கள் அப்படிச் செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆனால் நான் செய்தது சட்டத்துக்காக மட்டும் இல்லை. அதற்கு முந்தைய வருடம் எங்கள் மாடியில் ஒரு வீட்டுக்குக் குடிநுழைவு அதிகாரிகள் வந்தார்கள். அங்கே அறை எடுத்திருந்தவரின் அனுமதி முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்காரர் கேட்டுப் பார்க்கவே இல்லை. அவரையும் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். தகவல் கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் மாடியில் இருந்த ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் நினைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மின்தூக்கியில் வைத்து, "உங்க ரூம்ல இப்ப யாரு?" என்று கேட்டால், ஏன் கேட்கிறார் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். அவரும் நான் கேட்டால் அப்படித்தான் செய்திருப்பார்.

அனுமதி புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவளிடம் அட்டையைக் கேட்பேன். சிரித்துக்கொண்டே நீட்டுவாள். "இந்தாங்கக்கா, நானேதான். போட்டோல கொஞ்சம் ஒல்லியா இருக்கேன், அவ்வளவுதான்."

ஜூலையில் அவள் கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும். செப்டம்பர் 5 என்று நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள், நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஆபரேஷனுக்குத் தங்கச்சிய வரச் சொல்லலாம்னு இருக்கேன். விசாவுக்கு இங்க சிட்டிசன் யாராவது பேர் குடுக்கணுமாம். நீங்க குடுப்பீங்களா?"

"உனக்குத் தங்கச்சி ஏது? ஒரே பொண்ணுன்னு சொன்னியே?"

"சித்தி பொண்ணுக்கா. எங்கம்மா போனப்புறம் சித்திதானே என்னை வளத்தாங்க. ரெண்டு பேரும் ஒரே பாய்ல படுத்து வளந்தவங்க. அவளுக்கு ஒரு குட்டிப் பையன் இருக்கான், அவனையே விட்டுட்டு வர்றேங்கிறா. ஃப்ளைட்டே ஏறினதில்ல. லிஃப்ட்டுல ஏறினாக்கூட முருகா முருகாங்கும் அது."

பேர் கொடுத்தேன். ஆகஸ்ட் 11, ஞாயிறு. என் நாட்குறிப்பில் முடித்த வேலை என்ற தலைப்பின் கீழ் இருப்பது: "அவள் தங்கைக்கு விசா விண்ணப்பம் அனுப்பினேன். எல்லா விவரங்களும் இருமுறை சரிபார்த்தேன்." தங்கை என்று எழுதியது நான்தான். அந்த இடத்தில் என் பேனா ஒரு கணமும் நிற்கவில்லை. விண்ணப்பத்தில் உள்ளூர்த் தொடர்பாளர் என்ற கட்டத்தில் என் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண். என்னோடு உறவு என்ற கட்டத்தில், "நண்பர்".

பயணச்சீட்டைச் சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில் இருக்கும் டிக்கெட் கடையில் எடுத்தோம். கடைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். கடற்கரைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து மூன்று தலைமுறையான குடும்பம். அவருடைய அப்பா காலத்துக் கடை. இருபது வருடமாக எனக்குப் பழக்கம். எல்லாருக்கும் அவர் பாய். இந்த ஊர்ப் பழக்கத்தில் பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுவார். பயணச்சீட்டோடு மருத்துவமனைக் கடிதம், திரும்பும் தேதி, என் வீட்டு முகவரி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக அடுக்கிக் கொடுத்தார். அதன் படங்களை ஊருக்கு அனுப்பினார். கிளம்புவதற்கு முதல் நாள் கடையிலிருந்தே அந்தத் தங்கையிடம் கைப்பேசியில் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"கவுன்டர்ல கேட்டா என்னம்மா சொல்லுவே? அக்காவுக்கு ஆபரேஷன், அக்கா வீட்டுக்கு வந்திருக்கேன்னு சொல்லு. அவ்வளவுதான். சும்மா பயந்து முழிக்காதே. அவங்களும் மனுஷங்கதான் லா."

செப்டம்பர் 3, செவ்வாய். காலை விமானம். அறையில் இருப்பவள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே சாங்கி விமான நிலையத்துக்குப் போய்விட்டாள். ஒன்பது நாற்பதுக்கு அலுவலகத்தில் என் கைப்பேசி அடித்தது. விமான நிலையத்திலிருந்து குடிநுழைவு அதிகாரி. இளம் குரல், ஆங்கிலம், மிகவும் மரியாதை. என் பெயரையும் அட்டை எண்ணின் கடைசி எழுத்துகளையும் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, ஒரு பெண் வந்திருக்கிறார், சிஸ்டர் வீட்டில் தங்குவதாகச் சொல்கிறார், உங்கள் முகவரியைக் காட்டுகிறார், நீங்கள் அவருடைய சிஸ்டரா என்று கேட்டார்.

இல்லை என்றேன். என் வீட்டில் வாடகைக்கு இருப்பவரைப் பார்க்க வந்திருக்கிறார் என்றேன். இதுவரை எல்லாம் சரி.

அந்த வாடகைதாரர் இவருடைய சிஸ்டரா என்று கேட்டார்.

நான் சொன்னது இது. இல்லை. அவருக்குச் சகோதரிகள் கிடையாது. அவர் ஒரே பிள்ளை. அவருடைய ஆவணங்களின் நகல் என்னிடம் இருக்கிறது.

என் குரல் திடமாக இருந்தது. ஆங்கிலம் தடுக்காமல் வந்தது. பக்கத்து மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. ஆவணம், நகல், ஒரே பிள்ளை. எல்லாமே உண்மை.

அப்படியானால் வந்திருப்பவர் யார் என்று அவர் கேட்டார்.

சித்தி மகள். எங்கள் மொழியில் சித்தி மகளைத் தங்கை என்றுதான் சொல்வோம். இந்த ஒரு வரி போதும். தமிழ் பேசும் எந்தக் குழந்தையும் சொல்லியிருக்கும். எனக்குத் தெரியாததும் இல்லை, மறந்ததும் இல்லை. அது நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி வந்த விநாடியில் எங்கள் மாடியில் அதிகாரிகள் வந்து நின்ற வீட்டு வாசல்தான் என் கண்ணுக்கு வந்தது. இவர் என்னை ஏன் இவ்வளவு கேட்கிறார், இதில் நான் எங்கே மாட்டப் போகிறேன் என்று நினைத்தேன். ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார் என்று அவர்கள் நினைக்கும்போது அந்தப் பொய்யின் பக்கத்தில் என் பெயர் இருக்கக் கூடாது.

"அவரை நான் சந்தித்ததில்லை. கேட்டுக்கொண்டதால் பெயர் மட்டும் கொடுத்தேன்" என்றேன்.

அவர் நன்றி சொன்னார். அழைப்பு நான்கு நிமிடம். அன்றைய பக்கத்தில், பேசியவர்கள் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறேன்: "காலை 9.40. குடிநுழைவு அதிகாரி. கேட்ட கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னேன்."

அந்தத் தங்கை உள்ளே வரவில்லை. மாலை விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவள் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தாள். நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். கையில் ஒரு பை வைத்திருந்தாள். தங்கைக்குப் பசிக்கும் என்று வாங்கிய சாப்பாடு அப்படியே இருந்தது.

"பாக்கக்கூட விடலக்கா. போன்ல ஒரு நிமிஷம் பேசினா. 'அக்கான்னு நான் பொய் சொல்றேங்கிறாங்கக்கா, நான் என்ன பொய் சொன்னேன்'னு அழுவுறா." நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்களுக்குக் கால் வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"என்ன கேட்டாங்க?"

"அட்ரஸ்லாம் கேட்டாங்க. கேட்டதுக்குச் சரியாத்தான் சொன்னேன்."

"அப்புறம் ஏன்?"

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எங்காவது திருப்பிவிட வேண்டும் என்று இருந்தது.

"தெரியல. பேப்பர்ல ஏதாவது இருந்திருக்கலாம்" என்றேன்.

பேப்பர் என்றால் பாய். அவள் வேறு யாரை நினைக்க முடியும்? அன்றிரவே அவருக்குத் தொலைபேசியில் பேசினாள். அவர் தன் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது என்று சொன்னார். அது அவளுக்குப் போதவில்லை. கவுன்டரில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. ஊரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் தாதிகள் ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் அழுத குரலில் ஒரு செய்தி போட்டாள். அடுத்த நாள் காலை அதை எனக்கே போட்டுக் காட்டினாள். "அந்தக் கடைக்குப் போகாதீங்க. வாய்க்கு வந்தத சொல்லிக் குடுத்து என் தங்கச்சிய பொய்க்காரி ஆக்கிட்டாரு. ஏமாத்துக்காரரு." நான் கேட்டு முடித்தேன். உப்புமாவை இறக்கி வைத்தேன்.

செப்டம்பர் 5 காலை அவளை மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். பதிவு மேசையில் இருந்த மலாய்ப் பெண் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்டார். இவள் என்னைக் காட்டினாள். உறவு என்ன என்று கேட்டதற்கு யோசிக்காமல், "அக்கா. சிஸ்டர்" என்றாள். அந்தப் பெண் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், சிஸ்டர் என்று தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். ஆவணங்களைச் சரிபார்ப்பவளான நான் திருத்தவில்லை. அச்சிட்டு நீட்டிய தாளில் என் பெயருக்கு எதிரே அந்தச் சொல் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு மணி நேரத்தில் முடியும் என்றார்கள், மூன்றரை மணி நேரம் ஆனது. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவளோடு வேலை பார்க்கும் இன்னொரு தாதி இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். நல்ல வாயாடிப் பெண். நடந்ததை எல்லாம் மறுபடி பேசினாள்.

"சிஸ்டர் இல்லையாம், சிஸ்டர். எங்களை ஜூரோங்ல தாத்தா பாட்டிலாம் சிஸ்டர் சிஸ்டர்னுதான் கூப்பிடறாங்க. நாளைக்கு அதுக்கும் பர்த் சர்டிபிகேட் கேப்பாங்க போலருக்கு." சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லவேளை நீங்க இருக்கீங்க ஆன்ட்டி. அந்த பாய நம்பி இருந்தோம்னா இவ இன்னிக்கு அநாதை மாதிரிதான் படுத்திருப்பா" என்றாள்.

நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். முகம் கழுவவில்லை. கண்ணாடியைப் பார்க்கவும் இல்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் அவளுக்கு எல்லாம் செய்தேன். கட்டுப் பிரித்தேன், தலைவாரினேன், இரவில் எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப் போனேன். ஊரிலிருந்து அந்தத் தங்கை தினமும் வீடியோவில் வருவாள். இவள் கைப்பேசியை என் பக்கம் திருப்புவாள். ஒல்லியான முகம், மூக்குத்தி. "அக்கா, நான் வந்து செய்ய வேண்டியத நீங்க செய்யிறீங்க" என்று கைகூப்புவாள். நான் தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். ஒரு நாள் இவள் சொன்னாள், ஊரில் அவளை "ஏர்போர்ட்டோட திரும்பினவ" என்று கேலி செய்கிறார்களாம். மாமியார் வேறு, என்னத்தைக் கொண்டு போனியோ, என்னத்த சொன்னியோ என்று கேட்கிறாராம்.

இப்போது செப்டம்பர் 22-க்கு வருகிறேன்.

நான்கு மணிக்கு பாய் கைப்பேசியில் கூப்பிட்டார். கீழே நிற்கிறேன், மேலே வரவில்லை, இரண்டு நிமிடம் வாருங்கள் என்றார். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கமெல்லாம் வேலைநாள் முழுக்க விடுதிகளில் அடைந்து கிடந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க. அந்தப் புள்ள உடம்பு சரியில்லாம இருக்கு, அதுகிட்ட நான் போகல. நீங்க பேப்பர் பாக்குறவங்க. இத ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க." பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார். எல்லாவற்றின் நகல்களும் இருந்தன. "மூணு வாரமா ஒரு நர்ஸ் புள்ளகூடக் கடைப்பக்கம் வரல. அது கெடக்கட்டும். நேத்து மார்க்கெட்ல ஒரு பொண்ணு, நான் டிக்கெட் போட்டு அம்மாவ கூட்டிட்டு வந்த பொண்ணு, என்னப் பாத்ததும் அந்தப் பக்கம் போயிருச்சு. எங்கிட்ட என்ன தப்பு? நான் எதையாவது மாத்தி எழுதிட்டேனா? வயசாச்சு, கண்ணு சரியில்லன்னு வீட்ல சொல்றாங்க. எனக்கே சந்தேகமாயிருச்சு லா."

நான் பார்த்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும்? கடப்பிதழ் எண், பெயர், பிறந்த தேதி, போகும் தேதி, திரும்பும் தேதி, மருத்துவமனைக் கடிதத்தின் தேதி. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் தப்பில்ல பாய். எல்லாம் சரியா இருக்கு."

மூச்சை விட்டார். பிறகு, "அப்ப வேற என்னவா இருக்கும் தங்கச்சி?" என்றார்.

"தெரியல பாய்."

பேப்பரில் ஏதாவது இருக்கலாம் என்று அவளிடம் சொன்னதை ஊகம் என்று எனக்கு நானே சொல்லி வந்திருந்தேன். அதிகாரியிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்றும் சொல்லி வந்தேன். இதை அப்படிச் சொல்ல முடியாது. முகத்துக்கு நேரே, தன் கண்ணையே சந்தேகப்பட்டு வந்த ஒருவரிடம், தெரியாது என்றேன். அவர் உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்துக்குள் வழிவிட்டு வழிவிட்டு நடந்தார்.

மேலே வந்தேன். அவள் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் போவதைச் சன்னல் வழியே பார்த்திருக்கிறாள்.

"அந்தாளு எதுக்கு வந்தாரு?"

"பேப்பரைச் சரிபார்க்கச் சொல்லிக் கொண்டு வந்தாரு."

"கொஞ்சமாச்சும் கூச்சம் வேணாமா மனுஷனுக்கு? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வர்றாரு?"

கூச்சம் என்று அவள் சொன்னது அவரை. நான் சமையலறைக்குப் போய் மீனைக் கழுவிக் குழம்பு வைத்து, கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கினேன். கையைத் துடைத்தேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். மணி ஆறு பத்து.

"பேப்பர்ல தப்பில்ல. அவர் மேலயும் தப்பில்ல. அன்னிக்கு ஆபீசர் கேட்டப்ப உனக்குத் தங்கச்சியே கிடையாதுன்னு சொன்னது நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. நான் கேள்வியையும் பதிலையும் வரிசையாகச் சொன்னேன். பெயர் மட்டும் கொடுத்தேன் என்று சொன்னதையும் சொன்னேன்.

"சித்தி பொண்ணுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்."

"மறந்துட்டீங்களா?"

அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. ஆமாம் என்றிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பாள்.

"மறக்கல. பயந்துட்டேன்."

"எதுக்கு? யாருக்கு?"

"எனக்கு ஏதாவது வந்துருமோன்னு."

பிறகு, "அன்னிக்கு டைரியில என்ன எழுதினீங்க? நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவீங்களே. கொண்டாங்க" என்றாள்.

கொண்டு வந்து கொடுத்தேன். முப்பத்தைந்து வருடத்தில் வேறொருவர் கையில் அதைக் கொடுத்தது அதுதான் முதல்முறை. செப்டம்பர் 3-ஆம் பக்கத்தைப் புரட்டினாள். வாய்விட்டுப் படித்தாள். "கேட்ட கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரியாகவா?"

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"என் தங்கச்சி மூணு வாரமா ஒவ்வொருத்தருக்கா விளக்கம் சொல்லிட்டிருக்கா. நான் ஒரு வயசானவர ஊரெல்லாம் ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டேன். என் வாயாலயே சொன்னேன். நாளைக்கு அவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" அறை வாசலில் நின்று திரும்பினாள். "எனக்கு நீங்க செஞ்சதெல்லாம்... இந்தக் கஞ்சி, கட்டு... அதெல்லாம் இதுக்காகத்தானா?"

"முழுக்க இல்ல" என்றேன். என்னால் சொல்ல முடிந்த உண்மை அவ்வளவுதான்.

கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை. உள்ளே தங்கையோடு பேசும் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. நான் அன்றைய பக்கத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். வந்தவர்கள்: டிக்கெட் கடை பாய். பேசியவர்கள் என்ற இடத்தில் அவர் கேட்டதையும் நான் தெரியல என்று சொன்னதையும் அப்படியே எழுதினேன். முடித்த வேலை என்ற இடத்தில் மின்விசிறி துடைத்தது மட்டும்தான் எழுத இருந்தது.

மறுநாள், திங்கள். ஆறரைக்கு என் அறைக் கதவைத் தட்டினாள். குளித்துத் தலை வாரியிருந்தாள். சால்வையை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"பாய் ஏழு மணிக்கே கடைக்கு வந்துருவாரு, பார்சல் வர்ற நாள். கிளம்புங்க. நீங்க மொதல்ல சொல்லணும். அப்புறம் நான் மன்னிப்புக் கேக்குறேன். அதுக்கப்புறம்தான் குரூப்ல போடுவேன். அவருக்கு வேற யார் மூலமாவும் போகக் கூடாது."

"நீ நடக்கக் கூடாதும்மா, டாக்டர்..."

"நடப்பேன்."

பல்கூடத் துலக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். அலுவலகத்துக்குத் தாமதமாக வருவேன் என்று மின்தூக்கியில் நின்றபடி செய்தி அனுப்பினேன். பத்து நிமிட நடை எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. சாலைக்கு மேலே தீபாவளி விளக்குகளைக் கட்டி முடித்திருந்தார்கள். பகலில் வெறும் கம்பிகளாகத் தெரிந்தன. இரண்டு இடத்தில் நின்றாள். கையைப் பிடித்துக்கொள்ள நீட்டினேன். முதல் இடத்தில் பிடிக்கவில்லை. இரண்டாவது இடத்தில், சாலையைக் கடக்கும்போது, பிடித்தாள். அந்தப் பக்கம் போனதும் விட்டுவிட்டாள்.

அவர் கடைப் பூட்டில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவளுக்கு உட்கார ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் சுற்றிப் பார்த்தார்.

"என்ன புள்ள, இந்த ஒடம்போட... என்ன தங்கச்சி, காலையிலேயே?"

நான் சொன்னேன். முந்தின நாள் அவளிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னேன். கேள்வி, என் பதில், அதன் பிறகு அவளிடம் பேப்பர் என்று நான் சொன்னது. அவர் சாவியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். அவள் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், தன் முறைக்காக.

நான் முடித்ததும் அவர் அதிகாரியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தன் கடையைப் பற்றியும் கேட்கவில்லை.

"நேத்து சாயங்காலம் வெரல வச்சு ஒவ்வொண்ணாப் பாத்தீங்களே தங்கச்சி," என்றார். "அப்பவே தெரியுமா?"

"தெரியும் பாய்" என்றேன்.